சிவக்காத மஞ்சள்

ஆடி முடிந்து ஆவணி பிறந்த மறுநாள், அம்மா வீட்டில் கொடுத்த சீர்ப்பையோடு சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாள் காந்திமதி. எதிரே நின்றது தன் புருஷன்தானா என்று ஒரு கணம் அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது.

வைகாசிக் கடைசியில்தான் கல்யாணம். புதுப்பெண் ஆடி மாதத்தில் புருஷனோடு இருக்கக் கூடாது என்று வடக்குப்பட்டிலிருந்து அப்பா வந்து அழைத்துப் போனார். அன்றைக்குத் திருமலை இதே நிறுத்தத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் நகர்ந்த பிறகும் கூடவே ஓடிவந்தான். கண்டக்டர்கூட, "யோவ், நீயும் ஏறிக்கோ, டிக்கெட் நான் எடுக்கிறேன்" என்று கிண்டல் பண்ணினார். அந்தத் திருமலை இன்று ஒரு கை தள்ளியே நின்றான். கன்னம் உள்ளே போயிருந்தது. தோளும் மார்பும் மட்டும் கல்லில் செதுக்கினாற்போல் தனியாகத் தெரிந்தன. காலை ஒன்பது மணிதான், சட்டை முதுகோடு ஒட்டிச் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"இன்னாங்க இது, இப்டி எளைச்சிட்டீங்க?"

"போட்டி வருதில்ல. எறக்கிக்கினு கீறேன்" என்றான். பையை வாங்கிக்கொண்டான். அவள் கையைத் தொடவில்லை.

திருமலை நெடுஞ்சாலையோரத்து ஸ்பிரிங் கம்பெனியில் கேஷுவல் தொழிலாளி. ஷிப்ட் முடிந்ததும் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், பழைய ரைஸ் மில் ஷெட்டில் ரகுபதி மாஸ்டர் நடத்தும் ஜிம்முக்குப் போவான். காஞ்சிபுரத்தில் நடக்கப்போகும் ஆணழகன் போட்டியில் மெடல் வாங்கினால் பர்மனென்ட் ஆக்குகிறேன் என்று பர்சனல் மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். காந்திமதியும் அதற்காகத் தினமும் முட்டை அவித்து, மஞ்சள் கருவை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் தட்டில் வைத்தவள்தான். உடம்பை வளர்க்கிற புருஷன் அவளுக்குப் புதிதில்லை. ஒதுங்குகிற புருஷன்தான் புதிது.

அன்று ராத்திரியே அவன் தன் பாயை உருவிக்கொண்டு போய் வாசற்படிக்கு வெளியே வெறும் சிமெண்டில் போட்டான். "உள்ள சூடு. நீ ஃபேனுக்கு கீழ படு" என்றான். ஒரு பானைத் தண்ணீர் பொழுது விடிவதற்குள் தீர்ந்திருந்தது. மாடி ஏறி வந்தவன்போல் படுத்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நெற்றியைத் தொடப் போனவள் கையை மெல்ல விலக்கினான்.

"காய்ச்சலா?"

"எக்சர்சைஸ் சூடு. வுடு காந்தி."

காலையில் அழுக்குத் துணியைப் பிரிக்கும்போதுதான் அவள் அந்தப் பனியனைப் பார்த்தாள். கழுத்தைச் சுற்றி, அக்குளில், மார்பில் திட்டுத் திட்டாக மஞ்சள். தலையணை உறையிலும் மஞ்சள். குளித்துவிட்டு ஈரத்தோடு மஞ்சள் பூசிய ஒரு கழுத்து அந்த மார்பில் சாய்ந்தால் எப்படி இருக்கும், அப்படியே இருந்தது.

ஊருக்குப் போன ஒரு மாதமும் அவள் மஞ்சள் பூசி அம்மனுக்குக் கூழ் வார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே யார் பூசினார்கள்?

அடுத்த போர்ஷனில் ஜோதி. திருமலையின் அண்ணன் தணிகாசலத்தின் மனைவி, காந்திமதிக்கு ஓர்ப்படி. துணி உலர்த்த வந்தவள் கண்ணில் பனியன் பட்டுவிட்டது. கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"அடியே... இன்னாடி இது?"

"அதாங்கா நானும் பாக்குறேன்."

"நான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். ஆடி பூரா உன் ஆளு வூடு தங்கல. கம்பெனி, ஜிம்மு, அப்புறம் ஜிம்மு கூட்டாளி பாபுவோட ஊர் சுத்தல். கேட்டா நின்னு பதில் சொல்றதில்ல. பேக்கிங் செக்ஷன்ல புதுசா பொண்ணுங்கள எடுத்துக்கீறாங்களாம், தெரியுமா?"

"சும்மா இருக்கா."

"நான் சும்மாதான் இருக்கேன். பனியன் சும்மா இல்லியே."

காந்திமதி பனியனைப் பிடுங்கி வாளியில் போடப் போனாள். ஜோதி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "தோய்க்காதடி பைத்தியம்! இதான் சாட்சி. அப்படியே வெச்சிரு. ஞாயித்துக்கெழம உங்கப்பா வரட்டும், பெரியவங்க முன்னாடி விரிச்சிப் போடு. தோய்ச்சிட்டு அப்புறம் போய்ச் சொன்னா, சந்தேகக்காரின்னு உன் தலையிலேயே கட்டிடுவாங்க."

சந்தேகம் அந்த வருஷம் அந்த ஊரில் காற்றோடு கலந்திருந்தது. தொண்ணூற்றொன்று மே மாதம் பெரும்புதூரில் நடந்த குண்டுவெடிப்புக் கோரத்துக்குப் பிறகு, லாட்ஜுக்கு லாட்ஜ் போலீஸ் ஏறி இறங்கியது. டீக்கடையில் புது முகம் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. வாடகைக்கு வீடு கேட்டு வந்தவனைத் தெருவே விசாரித்தது. அப்படிப்பட்ட ஊரில், ஒரு புதுப்பெண் தன் வீட்டுக்குள்ளேயே உளவு பார்க்கத் தொடங்கினால் ஆச்சரியமில்லை. பனியனைத் துவைக்காமல் மடித்து, டிரங்குப் பெட்டியில் கூறைப் புடவைக்கு அடியில் வைத்தாள். புடவையில் படக் கூடாதென்று நடுவில் ஒரு செய்தித்தாளைப் போட்டாள்.

பிறகு அவன் சட்டைப் பையைத் துழாவினாள். பேச்சை எடை போட்டாள். பேக்கிங் செக்ஷன் பெண்கள் பஸ் ஏறும்போது ஒவ்வொருத்தி கழுத்தாகப் பார்த்தாள். அவன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான், சிரிக்காவிட்டால் யாரை நினைக்கிறான். ஒருநாள் சாதத்தைத் தட்டோடு ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தவனிடம் கேட்டே விட்டாள்.

"யாரு அவ?"

"எவ?"

"நான் இல்லாதப்ப வந்தவ. என்னாண்ட பொய் சொல்லாதீங்க, என் கிட்ட சாட்சி கீது."

திருமலை முதலில் வாய்விட்டுச் சிரித்தான். அவள் முகம் மாறாததைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. "நாலு எட்டு நடந்தா மூச்சு வாங்குது எனக்கு. இதுல பொம்பள வேறயா?" என்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், "போட்டி முடியட்டும், எல்லாம் சொல்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து அவளிடம் சரியாகப் பேசவில்லை.

எல்லாம் சொல்கிறேன் என்றால், சொல்ல ஏதோ இருக்கிறது. அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. அப்பா வருவதும் அன்றைக்குத்தான். சனிக்கிழமை மத்தியானம் காந்திமதி டிரங்குப் பெட்டியைத் திறந்து பனியனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாளைக்கு இதை விரித்தால் அப்பா தலைகுனிவார், அவன் தலைகுனிவான், தணிகாசலம் மாமா நாலு வார்த்தை திட்டுவார். அதன்பிறகு? எந்தப் பெண்ணோ ஜெயித்தவளாவாள். பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவனைத் தெருவில் நிறுத்தி அவமானப்படுத்திவிட்டு, மறுபடி அவன் தட்டில் சோறு போட அவளால் முடியுமா? முடியாது. அவளுக்குப் புருஷன் வேண்டும், தீர்ப்பு வேண்டாம்.

போய் வாளியில் முக்கி, பட்டை சோப்பை எடுத்து அழுத்தித் தேய்த்தாள்.

மஞ்சள் பூசிக் குளிக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த சங்கதி அது. மஞ்சள் பட்ட துணியில் சோப்பு பட்டால் ரத்தம்போல் சிவக்கும். பிறகு வெயிலில் போட்டால் மெல்ல வெளுத்துப்போகும். காந்திமதி சிவக்கும் என்று காத்திருந்தாள். நுரை பொங்கியது. திட்டு அப்படியே மஞ்சளாக இருந்தது. இன்னும் தேய்த்தாள். எலுமிச்சம்பழ நிறத்தில், கொஞ்சமும் அசையாமல், அதே மஞ்சள்.

இது எவள் கழுத்திலிருந்தும் வந்ததில்லை. அவன் தின்கிற எதுவோ அவன் உடம்பிலிருந்தே வந்திருக்கிறது.

ஈரக் கையோடு உள்ளே ஓடினாள். அவன் தன் சாமான்களை வைக்கும் அலமாரியில் பொட்டுக்கடலை மாவு டின் இருந்தது. அவள் திறந்தால், "அளவு மாறிடும், நானே கலக்கிக்கிறேன்" என்று அவன் தடுப்பான். மாவுக்குள் கைவிட்டாள். பிளாஸ்டிக் கவரில் கண்ணாடிபோன்ற கேப்சூல்கள், உள்ளே மஞ்சள் தூள். ஒன்றைப் பிரித்து விரலில் தேய்த்தாள். சோப்பு போட்டுக் கழுவினாள். விரல் மஞ்சளாகவே நின்றது.

வரிசை வீட்டின் கடைசி போர்ஷனில் லூர்தம்மாள். பெரும்புதூரில் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

"அக்கா, இது இன்னா மருந்து பாருங்க."

லூர்தம்மாள் கேப்சூலைப் பார்த்தாள். காந்திமதியின் விரலைப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"இத யாரு துன்றது?"

"எங்க வூட்டுக்காரரு."

"ஏசப்பா!" லூர்தம்மாள் அவள் தோளைப் பிடித்தாள். "பிள்ளைப்பாக்கத்துப் பையன் பாபுன்னு ஒருத்தன். காலைல கொண்டாந்தாங்க. உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்குது. காய்ச்ச ஊசி போட்டோம், எறங்கல. வேர்வை பட்ட விரிப்பு பூரா இதே மஞ்சள். இன்னா சாப்ட்டான்னு டாக்டரம்மா கேட்டுக் கேட்டுப் பாத்தாங்க. கொண்டாந்த ஆளு, 'ஒண்ணும் இல்ல, வெயில்ல ஓடினான்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. மாஸ்டராம்."

"பாபு இப்ப எப்டிக்கா கீறான்?"

லூர்தம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். "போயிட்டாம்மா. பதினோரு மணிக்கு. நீ ஓடு. அவர அப்படியே இட்டுக்கினு வா. நான் டாக்டரம்மாவாண்ட முன்னாடி போய் சொல்றேன்."

ரைஸ் மில் ஷெட்டில் சூடும் வியர்வையும் கலந்த நெடி. சுவரில் பெரிய கண்ணாடி. அதற்கு முன் திருமலை வெறும் ஜட்டியோடு கைகளைத் தூக்கி, மறுநாள் மேடையில் நிற்கவேண்டிய நிலையைப் பழகிக்கொண்டிருந்தான். தோலுக்கடியில் நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்திருந்தன. நிற்கும் இடத்தில் தரை ஈரமாகியிருந்தது. ரகுபதி மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தங்கச்சி, இங்கல்லாம் லேடீஸ் வர்றதில்ல."

"பாபு எங்க மாஸ்டர்?"

"வெயில்ல மயங்கிட்டான். குளுகோஸ் ஏத்திக்கினு கீறாங்க. நாளைக்கு மேடைக்கு வந்துடுவான்."

"பாபு செத்துட்டான்."

திருமலையின் கைகள் இறங்கின. அவன் காந்திமதியைப் பார்க்கவில்லை, மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டரின் விரல்கள் வெற்றிலைமேல் ஒரு நொடி நின்றன. பிறகு சிரித்தார்.

"டேய் திருமலை, அன்னைக்கி உனக்கு ஒரு வப்பாட்டிய புடிச்சிக் குடுத்தாங்கன்னு சொன்னியே. இன்னைக்கி பாபுவ பாடையில ஏத்திட்டாங்க. பலே ஆளுப்பா உன் சம்சாரம்!"

"நான் பொய் சொல்லலங்க. லூர்து அக்கா கண்ணால பாத்தாங்க. இந்த மஞ்ச மாத்திரதான்..." உள்ளங்கையைத் திறந்து காட்டினாள்.

"டின்ன நோண்டினியா?" திருமலையின் குரலில் களைப்புதான் இருந்தது. "முதல்ல பொம்பளன்ன. அப்புறம் பையத் துழாவின. இப்ப இது. நாளைக்கு ஒரு நாள்தான் காந்தி. பர்மனென்ட் ஆவணும். யாருக்காக இந்தப் பாடு படறேன்? வூட்டுக்குப் போ."

காந்திமதி உள்ளங்கையை மூடிக்கொண்டாள். தன் சந்தேகத்தையெல்லாம் இல்லாத ஒருத்திமேல் இறைத்துத் தீர்த்துவிட்டாள். இப்போது உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அவள் பேச்சு அவனிடம் செல்லவில்லை. அந்தப் பனியனை வந்த அன்றைக்கே துவைத்திருந்தால்!

அவள் மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "நல்ல மருந்துதானா மாஸ்டர்?"

"பம்பாய்லேர்ந்து வருதும்மா. கொழுப்ப மட்டும் கரைக்கும். வெளிநாட்டுல பெரிய பெரிய ஆளுங்கல்லாம் போடறது."

"ஆடி பூரா அம்மா வூட்ல குந்திக்கினு துன்னு துன்னு நான் குண்டாயிட்டேன்னு ஜோதிக்கா சொல்றாங்க. அப்ப நானும் ஒண்ணு போட்டுக்கறேன்."

கேப்சூலை உதட்டில் வைத்தாள்.

இரும்புத் தட்டு உருண்டு விழும் சத்தம். திருமலை எப்படி வந்தான் என்று தெரியவில்லை. அவன் அறைந்ததில் கேப்சூல் பறந்து கண்ணாடியில் போய் அடித்தது. அவள் முகத்தை இரண்டு கையாலும் பற்றி, "துப்பு! துப்புடி! உள்ள போயிடுச்சா? வாயத் தெற!" என்று கத்தினான். அந்தக் கைகள் தோசைக்கல்லாகச் சுட்டன.

"போவல" என்றாள் காந்திமதி. "ஏங்க தட்டி வுட்டீங்க? நல்ல மருந்துதானே?"

அவன் மூச்சு இரைக்க அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. எத்தனையோ நாளாகத் தெரிந்திருக்கிறது. மாஸ்டர்மேல் வைத்த நம்பிக்கையைப் போட்டு அதை அமுக்கி வைத்திருந்தான். சின்னக் குரலில், "நெஞ்சு பட்டறை மாதிரி அடிச்சிக்குது காந்தி. படுத்தா செத்துடுவேனோன்னு பயமா கீது. அதான் வாசல்ல படுத்தேன்" என்றான்.

"பாபுவ நீங்கதானே ஆஸ்பத்திரில சேத்தீங்க மாஸ்டர்?" என்று அவன் திரும்பியபோது ஸ்டூல் காலியாக இருந்தது. வெற்றிலை தரையில் கிடந்தது. ஷெட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது.

காய்கறி இறக்கிவிட்டுப் போன ஒரு மெட்டடார் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, காலி சாக்குகளின்மேல் அவனைக் கிடத்தினாள். பெரும்புதூர் போய்ச் சேருவதற்குள் அவன் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. ஜன்னலை மூடு என்றான், திற என்றான். ஜன்னலே இல்லாத வண்டி.

நர்சிங் ஹோமில் லூர்தம்மாள் டாக்டரம்மாவோடு வாசலிலேயே நின்றாள். பரிசோதித்துக்கொண்டே டாக்டரம்மா கேட்டார்:

"இன்னைக்கு எத்தனை போட்டீங்க?"

"ஒண்ணு" என்றான் திருமலை.

காந்திமதி குனிந்து அவன் முகத்துக்கு நேராக வந்தாள். "இன்னும் யாருக்காகப் பொய் சொல்றீங்க? மாஸ்டர் ஓடிட்டாரு. இங்க நான் மட்டும்தான் கீறேன்."

அவன் கண்ணை மூடினான். "காலைல வழக்கமா போடறது. மத்தியானம் மாஸ்டர் இன்னும் ரெண்டு குடுத்தாரு. நாளைக்கு நரம்பு நல்லாத் தெரியும்னாரு."

டாக்டரம்மாவின் முகம் இறுகியது. "இதுக்கு மாத்து மருந்து எதுவும் கிடையாதும்மா. காய்ச்சல் மாத்திரையும் கேக்காது. உள்ள எரியறத நாமதான் வெளியிலேர்ந்து அணைக்கணும். காலைல அந்தப் பையனுக்கு என்னன்னு தெரியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சு. இவருக்கு இன்னதுன்னு தெரிஞ்சிபோச்சு. ஐஸ் கொண்டாங்க, கிடைக்கிற வரைக்கும் கொண்டாங்க."

சோடாக் கடை, ஐஸ் கம்பெனி, மீன் கூடை என்று ஊர் முழுக்க அலைந்து மெட்டடார்காரர் ஐஸ் கொண்டுவந்து இறக்கினார். ஈரத் துணியில் சுற்றிச் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தார்கள். கை மரத்துப்போனது. வைத்த ஐஸ் கண்ணெதிரே கரைந்து கட்டிலிலிருந்து சொட்டியது. தெர்மாமீட்டர் அசையவில்லை.

வராந்தாவில் பாபுவின் அம்மா சின்னப்பொண்ணு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். உறவுக்காரர்கள் வேன் பேசப் போயிருந்தார்கள். "வெயிலாம்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "கழனில பொறந்து கழனில வளந்த புள்ள. அவன போயி வெயில் கொல்லுமா?"

அந்தக் குரல் கட்டில்வரை கேட்டது. திருமலை கண்ணைத் திறந்தான்.

"காந்தி. அந்தம்மாவ கூப்டு."

அவள் தயங்கினாள். சொன்னால் போலீஸ் வரும். இந்த வருஷம் இந்த ஊரில் போலீஸ் வந்தால் லேசில் விடாது. கம்பெனி வேலை போகும். மாஸ்டரின் ஆட்கள் சும்மா இருக்கமாட்டார்கள். சொல்லாவிட்டால் நாளை அந்த ஷெட்டில் இன்னொருவன் கண்ணாடி முன் நிற்பான். அவள் போய்ச் சின்னப்பொண்ணுவின் கையைப் பிடித்து எழுப்பி அழைத்துவந்தாள்.

திருமலை திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னான். மாஸ்டர் கொடுத்தது, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியது, பாபுவும் அவனும் ஒன்றாகவே ஆரம்பித்தது. "சாயக் கம்பெனி டிரம்மிலேர்ந்து எடுத்து அடைக்கறாங்கன்னு பாபு ஒரு நாள் சொன்னாம்மா. நான்தான், 'போடா பயந்தாங்கொள்ளி'ன்னேன்" என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்தது.

சின்னப்பொண்ணு அவனை அடிப்பாள் என்று காந்திமதி நினைத்தாள். குறுக்கே போகத் தயாராகவும் இருந்தாள். அந்த அம்மாள் அவன் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குள்ளயும் அதுதான் எரியுதா?"

அவன் தலையாட்டினான்.

சின்னப்பொண்ணு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். காந்திமதியின் மரத்துப்போன கையிலிருந்து ஐஸ் துணியை வாங்கினாள். "நீ அந்தப் பக்கம் வைய்யி. நான் இந்தப் பக்கம் பாக்குறேன்."

வேன் வந்துவிட்டதென்று உறவுக்காரர்கள் இரண்டு முறை வந்து கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து, லூர்தம்மாள் தெர்மாமீட்டரை உதறி மறுபடி வைத்துப் பார்த்தாள். விளக்குக்கு நேரே பிடித்து இன்னொரு முறை பார்த்தாள்.

"எறங்குது" என்றாள்.

காந்திமதி நம்பாமல் அதை வாங்கித் தானும் பார்த்தாள். பாதரசம் இறங்கித்தான் இருந்தது. தலை நிமிர்ந்தபோது சின்னப்பொண்ணு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"செரி" என்றாள். "இப்ப நான் போயி என் புள்ளையப் பாக்குறேன். காலைல போலீஸ் டேசனுக்கு நீ எங்கூட வா."